மச்சில் நடக்கும் சத்தம்

வெள்ளிக்கிழமை என்றால் வீட்டைக் கழுவிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சாணம் மெழுகிய தரை போய் சிவப்பு ஆக்ஸைடு வந்தது, மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, இப்போது வெர்ட்டிஃபைடு டைல்ஸ். தரை எதுவானாலும், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளினால்தான் வீடு சுத்தமானதாக மனசு ஒப்புக்கொள்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பிடி கல் உப்பும் துளி மஞ்சளும் போடுகிற வீடுகளும் உண்டு.

மரத்தரைக்கு இந்தப் பழக்கம்தான் முதல் எதிரி.

நம் ஊரில் மரத்தரை ஏது என்று கேட்கலாம். இருக்கிறது. ஊட்டி, குன்னூர் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் இருக்கிறது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்தளங்களில் இருக்கிறது. ஊர்ப்புறத்து மச்சு வீடுகளில், கீழே இருந்து பார்த்தால் கூரையாகவும் மேலே ஏறினால் தரையாகவும் இருப்பது அதே பலகைதான். சென்னை அடுக்குமாடிகளின் படுக்கையறைகளில் ‘வுட்டன் ஃப்ளோரிங்’ என்ற பெயரில் புதிதாக வந்து இறங்கியிருப்பதும் அதன் தூரத்துச் சொந்தம்தான்.

அப்படி ஒரு மச்சு வீடு அமிர்தியில் இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரியல் பூங்காவுக்கும் அருவிக்கும் வருகிற கூட்டம் கவனிக்காமல் கடந்து போகிற வீடு. கீழே செங்கல்லை மண்சாந்தில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள். மேலே ஒரே அறை, 12 அடிக்கு 15 அடி. வேங்கை மர உத்திரங்கள், அவற்றின் மேல் தேக்குப் பலகைகள், அதற்கும் மேலே ஓட்டுக்கூரை.

அந்த அறையில் இருப்பவர் 78 வயதுப் பெரியவர். வீடு அவருடைய அப்பா கட்டியது. பெரியவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் 40 வருடம் வேலை பார்த்தவர். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து போன மனிதர், ஓய்வு பெற்றதும் மச்சுக்கு ஏறியவர்தான், இறங்கமாட்டேன் என்கிறார். கீழே மகனும் மருமகளும். மகனுக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. மருமகள் பள்ளிக்கூட டீச்சர்.

விடிகாலை நாலரை மணிக்கு மேலே பலகை முனகும். ஒரு முனகல் என்றால் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது, மூன்றாவது முனகல் ஜன்னல் பக்கம் போகிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் டீச்சரம்மா அடுப்பைப் பற்ற வைப்பது. செல்போன் அலாரம் அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில் இந்த வீட்டின் ஓடுகள் இரண்டு நகர்ந்துவிட்டன. வடமேற்கு மூலையில் பலகை மீது சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீரை உடனே யாரும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருந்தது. மழை விட்டுப் பெட்டியை நகர்த்தியபோது, பெட்டியின் அளவுக்கே கறுப்பாக ஒரு சதுரம். பலகையின் ஓரங்கள் நிமிர்ந்து, நடுப்பகுதி குழிந்து, ஓடம் போல வளைந்திருந்தது. அடுத்த இரண்டு கோடைகளில் வளைவு ஓரளவு தணிந்தது, கறை போகவில்லை. அந்த மூலையில் கால் வைத்தால் வேறு மாதிரி சத்தம் வரத் தொடங்கியது. முனகல் இல்லை, ‘பொத்’ என்று உள்ளே வாங்குகிற சத்தம்.

மகன் பயந்துவிட்டார். பயத்தில் நியாயம் இருந்தது. வயதானவர் கால் வைக்கிற தரை. ஒருநாள் பலகை உடைந்து கால் உள்ளே போனால் என்ன ஆகும்?

“எல்லாத்தையும் பிரிச்சிட்டு கான்கிரீட் போட்டுடலாம்பா. மேலே டைல்ஸ் ஒட்டிக்கலாம். பழைய தேக்குக்கு நல்ல விலை கிடைக்குது.”

பழைய மரம் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே ஒருமுறை வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வைரம் பாய்ந்த பழந்தேக்குக்கு எப்போதும் ஆள் உண்டு.

பெரியவர் கோபப்படவில்லை. “கட்டுடா. ஆனா மொதல்ல சுவத்தைக் கேளு” என்றார்.

சுவரைக் கேட்க இன்ஜினீயர் வந்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது, பழைய மச்சு வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டியது. 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அந்த அறைக்கு மட்டும் 5 டன். டைல்ஸும் அதன் அடியில் போடும் சிமென்ட் கலவையும் தனி. அதே இடத்தில் ஓர் அங்குலப் பலகையும் உத்திரங்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தொடுவதே கஷ்டம். மொத்த அறைக்கும் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். மண்சாந்துச் சுவர் இத்தனை காலம் தாங்கியது இந்த ஒரு டன்னைத்தான். அதன் தலையில் ஐந்து டன்னை ஏற்ற வேண்டுமானால் தனியாகத் தூண்கள் எழுப்ப வேண்டும். அதற்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். அதாவது வேறு வீடு கட்ட வேண்டும்.

எனவே பலகையைக் காப்பாற்றுவது பாசத்துக்காகச் செய்கிற வேலையாக இல்லாமல் போனது. வீடு நிற்பதற்கே அதுதான் வழி.

ஆசாரி வந்தார். கையில் கொண்டுவந்த முதல் கருவி ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். மேலே ஏறுவதற்கு முன் கீழே நின்று, உத்திரங்கள் சுவருக்குள் நுழைகிற இடங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் முனை இறங்காது, டங் என்று திரும்பி வரும். உளுத்த மரத்தில் சோன் பப்டியில் இறங்குவது போல இறங்கும். மரத்தளம் கெட்டுப்போவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற நடுப்பகுதியில் இல்லை. சுவருக்குள் மறைந்திருக்கும் உத்திர முனைகளில்தான். சுவர் ஈரம் குடிக்கிறது, காற்று போக வழியில்லை, அங்கே பூஞ்சை பிடிக்கிறது. 9 உத்திரங்களில் 7 நன்றாக இருந்தன. வடமேற்கு மூலையில் இருந்த இரண்டின் முனைகள் ஒரு சாண் நீளத்துக்குப் போய்விட்டிருந்தன.

சுவரில் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு தரையிலிருந்து மேலே போயிருந்தது. கரையான் பாதை. வெள்ளையடிக்கும்போது அதன் மேலேயே வெள்ளையடித்திருக்கிறார்கள்.

“வைரத்தைத் தொடலைங்க. ஓரத்து வெளுப்பை மட்டும் தின்னிருக்குது” என்றார் ஆசாரி.

மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில், அதுவும் தேக்கின் வைரத்தில், கரையானுக்கு ஒவ்வாத பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெளுப்பில் அந்தக் காவல் கிடையாது. ‘தேக்கு, அதனால் கவலையில்லை’ என்று நினைக்கிறவர்கள் தங்கள் பலகையில் வெளுப்பு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கடைகளில் இப்போது தேக்கு என்று விற்கப்படும் இளம் மரங்களில் வெளுப்பின் பங்கு அதிகம்.

கரையான் வேறு, வண்டு வேறு. பலகையில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள், அவற்றின் கீழே கோதுமை மாவு போலத் தூள் என்றால் அது வண்டின் வேலை. அந்தத் துளைகளில் மருந்தை ஊசியால் ஏற்றி மெழுகால் அடைப்பார்கள். கரையானுக்கு அது போதாது. கரையான் மண்ணிலிருந்து வருகிறது, அதனால் மருந்தும் மண்ணுக்குப் போக வேண்டும். கட்டி முடித்த வீடுகளில் சுவரோரம் துளையிட்டு மருந்து செலுத்துவதற்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரவிதியே இருக்கிறது. ஆள் கூப்பிடும்போது அதன்படி செய்வார்களா என்று கேட்கலாம். வேப்பெண்ணெய் தடவினால் கொஞ்ச நாள் ஒதுங்கும், அவ்வளவுதான்.

ஆசாரி போட்ட வரிசை முக்கியமானது. முதலில் ஓடு. பிறகு கரையான். பிறகு உத்திரம். கடைசியில்தான் பலகையும் பாலிஷும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே பாலிஷ் போடச் சொல்லி எத்தனையோ வீடுகளில் கூப்பிடுகிறார்களாம். அவர் போவதில்லை.

உத்திரங்களின் கெட்ட முனைகளை அறுத்தெடுத்துவிட்டு, இருபுறமும் புதிய சட்டங்களை அணைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். சுவருக்குள் போகும் முனையைச் சாந்து பூசி மூடாமல், சுற்றிலும் விரல் கடை இடைவெளி விட்டார்கள். மரம் மூச்சுவிட வேண்டும் என்று ஆசாரி சொன்னது வெறும் பேச்சில்லை. ஈரம் வெளியேற வழி இருந்தால்தான் முனை உளுக்காது.

அடுத்து அந்தக் கறுப்புச் சதுரம். மகன் சாண்ட் பேப்பர் மெஷினோடு தயாராக இருந்தார். தேய்த்துப் பார்த்தார். கறுப்பு உள்ளே இறங்கியிருந்தது. இன்னும் தேய்த்தால் பலகையில் பள்ளம் விழும்.

இந்த இடத்தில்தான் பெரியவரின் 40 வருடம் வீட்டுக்குப் பயன்பட்டது. “அது அழுக்கு இல்லைடா. மை” என்றார்.

தோல் பதனிடத் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை எல்லாவற்றிலும் இருப்பது டேனின் என்ற துவர்ப்புச் சத்து. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஓர் இரும்பு ஆணி பட்டால்கூடப் போதும், அந்த இடம் கறுத்துவிடும். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை தயாரித்த காலம் ஒன்று இருந்தது. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. மரத்திலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. வேங்கையில் நிறைய, தேக்கிலும் உண்டு. துருப்பிடித்த டிரங்குப் பெட்டியும் மழைத்தண்ணீரும் சேர்ந்து, மச்சில் ஒரு பெட்டி அளவுக்கு மை காய்ச்சியிருந்தன.

தோலில் விழுந்த இரும்புக் கறையை எடுக்க டேனரிகளில் ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள். மரத்துக்கும் அதுவே. வெந்நீரில் கரைத்து, கறை மேல் மட்டும் பிரஷால் தடவி, இருபது நிமிடம் போல விட்டு, ஈரத்துணியால் துடைத்தார்கள். முதல் தடவையிலேயே கறுப்பு காப்பி நிறமானது. மூன்றாவது தடவையில், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற நிழலாகிவிட்டது. கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து அமிலத்தை முறித்தார்கள்.

ஆனால் இது சமையலறையில் வைக்கிற பொருள் இல்லை. ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். சரியாகத் துடைக்காமல் காய்ந்த இடத்தைத் தேய்த்தால் வரும் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பெரியவர் மிச்சத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. வேண்டிய அளவு மட்டுமே கரைத்திருந்தார்.

எல்லாக் கறையும் கறுப்பு இல்லை. சூடான டம்ளர் வைத்த இடத்தில் வருகிற வெள்ளை வளையம் பாலிஷுக்குள் ஈரம் புகுந்ததால் வருவது, மரம்வரை போகவில்லை. பழைய அரக்கு பாலிஷில் இது சீக்கிரம் வரும். பெரும்பாலும் காயவிட்டால் மங்கும், மிஞ்சினால் மேலே லேசாக பாலிஷ் போட்டால் போதும். வெள்ளை என்றால் மேலோட்டம், கறுப்பு என்றால் உள்ளே.

வேலை நடந்த நாட்களில் டீச்சரம்மா ஒரு சந்தேகம் கேட்டார். “ஏன் மாமா, உங்க டேனரியில பெரிய பெரிய மர டிரம் எல்லாம் தண்ணியிலயே கிடக்குமே, அதெல்லாம் கெட்டுப்போகாதா?”

“அதைக் காயவிட்டாத்தாம்மா கெட்டுப்போவும்.”

தோலைப் போட்டு உருட்டும் அந்த மர உருளைகள் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். சில நாள் வேலை இல்லாமல் காய்ந்தால் பலகைகள் சுருங்கி, இடுக்கு விழுந்து, அடுத்த முறை ஒழுகும். இத்தாலியின் வெனிஸ் நகரம் நிற்பது சேற்றுக்குள் அடித்த மரக்கட்டைகளின் மேல்தான். பல நூற்றாண்டுகள் ஆகியும் நிற்கிறது, காற்றுப் படாத சேறும் தண்ணீரும் சூழ்ந்திருப்பதால். பத்மநாபபுரத்தின் மேல்தளங்கள் நிற்பது காய்ந்தே இருப்பதால். மரம் இரண்டையும் தாங்கும். வெள்ளிக்கு வெள்ளி நனைந்து, சனிக்குக் காய்ந்து, மறுபடி நனைவதைத்தான் தாங்காது.

வேலூர் வெயிலில் மரம் சும்மாவும் இருக்காது. சித்திரையில் சுருங்கும், ஐப்பசியில் உப்பும். 6 அங்குல அகலப் பலகை ஒன்று பருவத்துக்குப் பருவம் ஒரு மில்லிமீட்டர் வரை அகலத்தில் கூடிக் குறையும். நீளத்தில் மாற்றம் அநேகமாகத் தெரியாது. அதனால் கோடையில் பலகைகளுக்கு நடுவே தெரிகிற இடுக்கைப் பார்த்து, எம்-சீலோ மரத்தூள் பசையோ வைத்து அடைக்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். மழைக்காலத்தில் பலகை விரிய இடம் இல்லாமல் போனால் அது மேலே எழும்பும். சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதை மரப்பட்டியால் மறைப்பதும் இதற்காகத்தான். அமிர்தி வீட்டில் இடுக்கு வழியாகக் கீழே மண் விழுகிறது என்பது டீச்சரம்மாவின் பழைய புகார். அது இன்னும் தீரவில்லை. தீராது.

புதிய ஆணிகளை அடிக்காமல், பழைய ஆணிகளைத் தட்டி இறக்கிவிட்டு ஸ்க்ரூ போட்டார் ஆசாரி. பலகை முனகுவதற்குக் காரணம், ஆணி தளர்ந்து, கால் வைக்கும்போது பலகை ஆணியின் மேல் ஏறி இறங்கி உரசுவதுதான். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிஜோ கோட்டையின் நடைபாதைத் தளம் பறவை மாதிரிக் கூவும் என்று பெயர் பெற்றது. அங்கேயும் அடியில் இருக்கும் இரும்புப் பிடிகளில் ஆணி உரசும் சத்தம்தான் அது. பகைவர் நடமாட்டத்தை அறியவே அப்படி அமைத்தார்கள் என்று சொல்வதுண்டு.

இரண்டாம் நாள் மாலை, அறையின் பாதி சத்தமில்லாமல் ஆகிவிட்டிருந்தது. டீச்சரம்மா மேலே வந்து நடந்து பார்த்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்ததும் நின்றுவிட்டார்.

“ஆசாரி, இந்த ரெண்டு பலகையை மட்டும் விட்டுடுங்க.”

ஆசாரிக்குப் புரியவில்லை. ஆடுகிற பலகையை விட்டுவிட்டுப் போனால் அவர் பெயர்தான் கெடும்.

“ஆடுதா?”

“ஆடல. சத்தம் மட்டும் வருது.”

“அப்போ இருக்கட்டும். கீழே எனக்குக் கேக்கணும்.”

பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பலகைகளின் அடியிலும் உத்திரம் கெட்டியாக இருக்கிறதா என்று ஆசாரி இன்னொரு முறை கீழே போய்க் குத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

பாலிஷ் எது என்பதில் ஒருநாள் முழுக்க விவாதம் நடந்தது. கடைகளில் பியூ பாலிஷ் என்று கிடைக்கும் பாலியூரித்தேன் பூச்சு கெட்டியானது. கண்ணாடி மாதிரி ஒரு படலம் போட்டுவிடும், தண்ணீர் சிந்தினால் துடைக்கச் சற்று நேரம் கொடுக்கும். ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம், முழுதும் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். எண்ணெய்ப் பூச்சில் பளபளப்பு குறைவு, காவலும் கொஞ்சம் குறைவு. தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் நாயும் இருந்தால் பியூவே மேல். ஒரு பெரியவர் மட்டும் செருப்பில்லாமல் நடக்கிற அறைக்கு எண்ணெய் போதும். அதுதான் முடிவானது. எப்படியும், பியூ போட்ட தரையில் மெழுகு பாலிஷ் போடக் கூடாது. வழுக்கும், பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது.

பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்தெடுத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. வழித்தெடுக்காமல் விட்டால் பிசுபிசுவென்று மாதக்கணக்கில் காயாது.

அந்த எண்ணெய்த் துணிகளை மகன் சுருட்டி மூலையில் போட்டார். ஆசாரி அதட்டாத குறையாக எடுத்து உதறினார். லின்சீட் எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். துணி விரிந்திருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். பந்தாகச் சுருட்டிக் கிடந்தால் சூடு உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். உலகம் முழுக்கத் தச்சுப்பட்டறைகளும் வீடுகளும் இப்படி எரிந்திருக்கின்றன. அவர் துணிகளை ஒவ்வொன்றாக முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டார். கொடி இல்லாத ஃபிளாட்வாசிகள் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைக்கலாம்.

வேலை முடிந்த பிறகு வீட்டில் சில பழக்கங்கள் மாறின. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கீழ்வீட்டோடு நின்றது. மேலே தினமும் பூந்துடைப்பம், வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த துணி. எவ்வளவு பிழிய வேண்டும் என்றால், துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். கல் உப்பு கிடையாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். துரு என்றால் மறுபடி மை. ஃபினாயிலும் வினிகரும் ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். நீராவி மாப் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தை அழுத்தி உள்ளே அனுப்புகிற கருவி. விளக்கின் கீழே ஒரு தாம்பாளம் வந்தது. மாக்கோலம் வாசலுக்குப் போனது.

பூச்சு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முத்து மாதிரி நின்றால் கவலையில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் ஊறி அந்த இடம் கறுத்தால், எண்ணெய் தடவும் நாள் வந்துவிட்டது.

கட்டில் காலுக்கும் நாற்காலிக் காலுக்கும் பெரியவரே மெத்தை தைத்தார். தோல் ஊரில் தோல் துண்டுக்கா பஞ்சம்? சாயம் போட்ட தோலை மட்டும் ஒதுக்கினார், ஈரம் பட்டால் தரைக்கு நிறம் இறங்கும் என்று. ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியும் வேண்டாம் என்றுவிட்டார். சில பூச்சுகளில் ரப்பர் மஞ்சள் கறை விடும். அவருடைய கைத்தடியின் ரப்பர் முனை நகர்ந்துகொண்டே இருப்பது, அதனால் பிரச்னையில்லை.

செருப்பை வாசலில் விடுகிற நம் பழக்கம் மரத்தரைக்குக் கிடைத்த வரம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். தரையைக் கீறுவது பெரும்பாலும் நாற்காலி இல்லை, காலணியோடு வருகிற மணல். அதை மிதித்துத் தேய்ப்பது சாண்ட் பேப்பர் போடுவதற்குச் சமம். ஹை ஹீல்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு சதுர சென்டிமீட்டர் குதிகால் முனையில் ஊன்றும் கணத்தில், அந்த இடத்தில் விழும் அழுத்தம் யானையின் பாதத்தில் விழுவதைப் போலப் பல மடங்கு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த ஷூக்கள் ஐரோப்பா போய் அங்கே மரத்தரைகளில் நடக்கின்றன. அவற்றைத் தைக்கிறவர்களின் வீடுகளில் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

இந்தக் கதை முடிந்த சில வாரங்களில், சென்னை போரூரில் ஃபிளாட் வாங்கியிருக்கும் பெரியவரின் மகள் போன் செய்தார். அவர் வீட்டுப் படுக்கையறையில் ‘வுட்டன் ஃப்ளோரிங்’, குளியலறை வாசலில் இரண்டு பலகைகள் ஓரம் உப்பிவிட்டன. அண்ணன் செய்தது போலத் தேய்த்து எண்ணெய் போடலாமா?

கூடாது. அது மரப்பலகை இல்லை, லேமினேட். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, மேலே மரத்தின் புகைப்படம், அதற்கும் மேலே பாதுகாப்புப் படலம். தேய்த்தால் படம் போய்விடும். உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது, பலகையை மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது ‘வுட்டன்’ என்ற ஒரே சொல்லில் நான்கு பொருள்களை விற்கிறார்கள். முழு மரத்தைப் பலமுறை தேய்த்துப் புதுப்பிக்கலாம். ப்ளைவுட்டின் மேல் அசல் மர ஏடு ஒட்டிய எஞ்சினியர்டு வுட்டை, ஏட்டின் தடிமனைப் பொறுத்து ஓரிரு முறை தேய்க்கலாம். லேமினேட்டைத் தேய்க்கவே முடியாது. மரம் போலத் தெரியும் வினைல் தரைக்கு மரத்தோடு எந்தச் சொந்தமும் இல்லை, ஆனால் தண்ணீருக்குப் பயப்படாது. எது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

“தரை போட்டப்போ மிச்சப் பலகை குடுத்தாங்களா?” என்று கேட்டார் டீச்சரம்மா.

ஒரு பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. வேலைக்காரர்கள் விட்டுப்போனதைத் தூக்கிப்போட மறந்திருக்கிறார்கள். அதே டிசைன் கடையில் நின்றுபோயிருந்தது. ஒரு காலைப் பொழுதில் இரண்டு பலகைகளை மாற்றிவிட்டார்கள். குளியலறை மிதியடி இப்போது தினமும் பால்கனியில் காய்கிறது.